“ஹெட் போயிருச்சு அண்ணே”: ஃப்ளெக்ஸ் மெஷினில் இங்க் அழுத்தமும் வரத்தும்

ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. போனை எடுத்ததும் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, மெஜந்தா ஹெட் போயிருச்சு.” ஹெட் என்பது பேனர் மேல் இங்க்கைச் சொட்டுச் சொட்டாகத் தெளிக்கும் பகுதி. ஒரு முகூர்த்த சீசனில் இப்படித்தான் ஒரு கடையிலிருந்து அழைப்பு. முதலாளி அதற்குள் புது ஹெட்டுக்கு விலை கேட்டு வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் மெஜந்தா கேன், சப்பிப் போன தண்ணீர் பாட்டில் மாதிரி இரண்டு பக்கமும் உள்வாங்கி நிற்கிறது. வாடை வருகிறதென்று ஆபரேட்டர் தம்பி மூடியை இறுக்கித் திருகி, அதில் இருந்த காற்றுத் துளையையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். பம்ப் இழுக்க இழுக்க கேனுக்குள் காற்றே இல்லாமல் போய், ஒரு கட்டத்தில் இங்க் ஏறவே இல்லை. மூடியைத் தளர்த்தினேன். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. கால் மணி நேரத்தில் பேனர் ஓட ஆரம்பித்தது.

ஹெட் கெடுவதே இல்லை என்று சொல்லவில்லை. கெடும். ஆனால் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட ஹெட்டுகளில் பலவற்றுக்கு உண்மையில் இங்க் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்த இங்க் சரியான அழுத்தத்தில் நிற்கவில்லை. அதனால் எந்தக் கோளாறு என்றாலும் நான் முதலில் பார்ப்பது ஹெட்டை அல்ல, கேனிலிருந்து ஹெட் வரை வரும் வழியை. கீழே சொல்வதெல்லாம் சப் டேங்க்கும் (கேனிலிருந்து பம்ப் ஏற்றும் இங்க், ஹெட்டுக்குப் போகும் முன் தங்கும் சின்ன டேங்க்) நெகட்டிவ் பிரஷரும் உள்ள சொல்வென்ட் ஃப்ளெக்ஸ் மெஷினை மனதில் வைத்துச் சொல்வது. டேம்பர் வைத்த ஈகோ சொல்வென்ட் மெஷினுக்கும் வீட்டு பிரிண்டருக்கும் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

கேஜில் தெரியும் எண் என்ன சொல்கிறது?

ஹெட்டின் அடித்தகட்டில் இருக்கும் துளை ஒவ்வொன்றும் தலைமுடியை விடச் சிறியது. சுமார் 30 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையின் வாயில் இங்க் லேசாக உள்ளே குழிந்து நிற்க வேண்டும். வெளியே பிதுங்கினால் தகடு நனையும், சொட்டும். ரொம்ப உள்ளே போனால் பின்னாலேயே காற்று நுழையும். அந்தக் குழிவைப் பிடித்து வைக்கத்தான் மேலேயிருந்து லேசாக இழுத்துக்கொண்டே இருக்கிறோம். அதுதான் நெகட்டிவ் பிரஷர்; வேக்யூம் என்றும் சொல்வோம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அழுத்தத்தை அளக்கும் கேஜில் தெரிவது சப் டேங்க்குக்குள் இங்க்குக்கு மேலே இருக்கும் காற்றின் அழுத்தம். துளையில் இருக்கும் அழுத்தம் அது அல்ல. சப் டேங்க் ஹெட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு இங்க்கின் எடை கீழே தள்ளுகிறது. தோராயமாக 10 சென்டிமீட்டர் இங்க் உயரம் என்பது 1 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. சப் டேங்க்கில் இங்க் மட்டம் ஹெட் தகட்டுக்கு 25 செ.மீ. மேலே இருந்தால் எடை மட்டுமே 2.3 கிலோபாஸ்கல் தள்ளும். கேஜ் மைனஸ் 3.2 காட்டினால் துளையில் மிஞ்சுவது மைனஸ் 0.9 அளவுதான். அது நல்ல இடம்.

இப்போது பக்கத்துக் கடைக்காரர் “நாங்க 3.2 வச்சிருக்கோம், சூப்பரா ஓடுது” என்கிறார். நீங்களும் அதையே வைக்கிறீர்கள். உங்கள் மெஷினில் அந்த உயரம் 40 செ.மீ. என்றால் எடை 3.7, வேக்யூம் தோற்றுப்போய் ஹெட் சொட்டும். உயரம் 10 செ.மீ. மட்டும் என்றால் எடை 0.9, துளையில் மைனஸ் 2.3 நிற்கும், காற்றை உறிஞ்சும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எல்லை எங்கே என்றால், 30 மைக்ரான் துளைக்கும் சொல்வென்ட் இங்க்கின் பரப்பு இழுவிசைக்கும் கணக்குப் போட்டால் 3.7 கிலோபாஸ்கல் பக்கம் வரும். ஆனால் மெஷின் ஓடும்போது இங்க் டியூபில் உரசிக்கொண்டு வருவதால் இழப்பு கூடும், கேரேஜ் (ஹெட்டைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் பகுதி) திரும்பும்போது குலுங்கும். அதனால் அந்த எல்லைக்கு வெகு முன்னாலேயே சிக்கல் தொடங்கிவிடும். ஆகவே அடுத்தவர் மெஷின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். டேப்பை எடுத்து உங்கள் மெஷினில் உயரத்தை அளந்து பாருங்கள்.

கேஜே பொய் சொல்கிறதா என்று சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டர் ஒளிபுகும் டியூபை ‘ப’வைத் திருப்பிப் போட்ட மாதிரி இல்லாமல், ‘ப’ எழுத்து போலவே வாய் இரண்டும் மேலே இருக்க வளைத்து, பாதி வரை கலர் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டி கனெக்டர் வைத்து வேக்யூம் லைனில் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10.2 செ.மீ. என்றால் அது 1 கிலோபாஸ்கல். கேஜ் 3.2 என்று சொன்னால் தண்ணீர் 32 அல்லது 33 செ.மீ. வித்தியாசம் காட்ட வேண்டும். கொஞ்சம் தண்ணீரும் டியூபும் பல டிஜிட்டல் கேஜ்களை என்னிடம் காட்டிக்கொடுத்திருக்கின்றன. (கேஜை மெஷினில் மேலே மாட்டினாலும் கீழே மாட்டினாலும் எண் மாறாது. அது காற்று லைன். உயரக் கணக்கு இங்க்குக்குத்தான்.)

வேலையைத் தொடங்கும் முன் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சொல்வென்ட் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

“எல்லா ஹெட்டும் சொட்டுது”

எல்லாக் கலரும் ஒரே நேரத்தில் சொட்டினால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: வேக்யூம் பம்ப், வேக்யூம் பாட்டில், வால்வு, பொது லைன். நான்கு ஹெட் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு கெடாது.

முதலில் கேஜ். வழக்கமான எண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். பம்ப்பை விட்டு வெளியே வரும் டியூபை விரலால் மடித்துப் பிடியுங்கள். பம்ப் பக்கத்து எண் உடனே ஏறினால் பம்ப் நல்லது. கசிவு அதற்கு அப்பால். அடுத்த இணைப்பைத் தாண்டிப் பிடியுங்கள். இப்படியே ஒவ்வொரு கட்டமாகப் போக, எந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிடித்ததும் எண் ஏற மறுக்கிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் ஓட்டை. பெரும்பாலும் வேக்யூம் பாட்டிலின் மூடியில் விரிசல், அல்லது சப் டேங்க் மேல்மூடியின் ரப்பர் வளையம் சொல்வென்ட்டில் ஊறி உப்பிப்போனது.

கேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் சொட்டுகிறது என்றால் பர்ஜ் வால்வைப் பாருங்கள். (பர்ஜ் என்பது அழுத்தக் காற்றால் இங்க்கைத் துளை வழியாக வெளியே தள்ளுவது.) பர்ஜ் பட்டனை அழுத்தும்போது இந்த சோலினாய்டு வால்வு வேக்யூமை மூடிவிட்டு அழுத்தக் காற்றைத் திறக்கிறது. அதில் என்றைக்கோ ஏறிய இங்க் காய்ந்து ஒட்டியிருந்தால் பட்டனை விட்ட பிறகும் முழுசாக மூடாது. மெல்லிய காற்று கசிந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். சோதனை சுலபம்: அழுத்தக் காற்று வரும் டியூபை மடித்துப் பிடியுங்கள். சொட்டு நின்றால் வால்வுதான்.

ஒரு கலர் மட்டும் சொட்டினால் கதை வேறு. அந்தச் சப் டேங்க்கில் மட்டம் எங்கே நிற்கிறது? ஃப்ளோட் (மட்டத்தைப் பார்த்து பம்ப்பை ஓட்டி நிறுத்தும் மிதவை) சிக்கி பம்ப் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தால், மட்டம் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர்வதும் ஹெட்டில் 0.1 கிலோபாஸ்கல் கூட்டும். அது சரியாக இருந்தால் தகட்டைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துளை வரிசையிலிருந்து ஈரம் கிளம்புகிறதா, தகட்டின் ஓரத்திலிருந்தா? ஓரத்திலிருந்து என்றால் ஹெட்டின் ஒட்டு விட்டிருக்கிறது. அதற்கு அழுத்தத்தைத் திருகிப் பயனில்லை. இந்த இடத்தில் மட்டும் ஹெட் போனது என்ற பேச்சை நான் மறுக்க மாட்டேன்.

“டெஸ்ட் பிரிண்ட் நல்லா வருது, ஓட ஓட மங்குது”

அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எல்லாத் துளையும் வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கும் டெஸ்ட் பிரிண்ட்டில் எல்லாக் கோடும் முழுசாக இருக்கும். 10க்கு 20 பேனரில் தலைவர் முகம் வரை அருமை. பின்னணியில் முழுச் சிவப்பு வந்ததும் வரி வரியாக வெளுக்கும். நிறுத்தி மறுபடி டெஸ்ட் எடுத்தால் கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் சரி! ஆபரேட்டர் ஹெட்டை ஊறவைப்பார், பர்ஜ் மேல் பர்ஜ் போடுவார், இங்க்கைக் கொட்டுவார்.

டெஸ்ட் பிரிண்ட்டுக்குத் தேவை சில சொட்டு இங்க். முழு நிறப் பரப்புக்கு வேண்டியது எவ்வளவு? 512 துளை, ஒவ்வொரு சொட்டும் 30 பிகோலிட்டர், நொடிக்கு 7,600 தடவை என்று வைத்தால் ஒரு ஹெட் நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் கேட்கும். ஒரு கலருக்கு இரண்டு ஹெட் இருந்தால் 14. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற வீட்டில் டம்ளரை நிரப்பலாம், குளிக்க முடியாது. அதே கதைதான்.

எனவே கேனிலிருந்து தொடங்கி வரத்தைத் தேடுங்கள். கேன் மூடியில் காற்றுத் துளை திறந்திருக்கிறதா. உறிஞ்சு டியூப் கேனின் அடியில் ஒட்டி வாயடைத்து நிற்கிறதா. டியூப் முனையை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் அடியில் ஒட்டாது. பிறகு பம்ப். சப் டேங்க்குக்குள் போகும் டியூபைக் கழற்றி ஓர் அளவு ஜாடியில் விட்டு, பம்ப்பை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஓடுகிற சத்தம் கேட்டால் மட்டும் போதாது, வருகிற அளவு முக்கியம். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு சொல்வென்ட்டில் ஊறித் தொளதொளத்துப் போனால் பம்ப் கடமைக்குக் கத்தும், இங்க் தராது. நன்றாக ஓடும் கலரின் பம்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஃபில்டருக்கு முன்னால் அளவு நன்றாக இருந்து, பின்னால் பாதி வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. மலிவான இங்க்குக்கு மாறிய சில நாளில் இது நடந்தால் எனக்கு ஆச்சரியம் வராது. இரண்டு கம்பெனி இங்க் கலந்தால் சில நேரம் உள்ளே கூழ் மாதிரி திரளும். அது ஃபில்டரைத்தான் முதலில் பிடிக்கும். பிடித்ததற்கு ஃபில்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். சிலர் “ஃபில்டரை எடுத்துட்டு நேரா குடுத்துட்டோம்ணே, இப்போ நல்லா ஓடுது” என்பார்கள். நல்லா ஓடும், அடுத்த அடைப்பு ஹெட்டுக்குள் இருக்கும் வலையில்தான் விழும், அதை மாற்ற முடியாது. புது ஃபில்டர் போடும்போது அம்புக்குறி இங்க் போகும் திசையில் இருக்கட்டும். செங்குத்தாக மாட்டி, மேல்பக்கத்துக் காற்றை வெளியேற்றிய பிறகு ஓட்டுங்கள். பாதி காற்று நிரம்பிய ஃபில்டர் பாதி ஃபில்டர்தான்.

கடைசியாக சப் டேங்க்கிலிருந்து ஹெட்டுக்கு வரும் சிறிய டியூப். கேரேஜ் மூடியை மாட்டும்போது அது மடங்கி நசுங்கியிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றியதும் சரியாகி, மாட்டியதும் திரும்பி வரும் கோளாறு என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. ஒவ்வொரு வரியும் தொடங்கும் இடத்தில் முதல் சில சென்டிமீட்டர் மட்டும் விடுபட்டு, பிறகு சரியாக ஓடினால் அது வரத்துக் குறை அல்ல. ஓய்வில் நின்ற நேரத்தில் துளை வாயில் இங்க் காய்ந்திருக்கிறது. காற்றாடியைத் திருப்பி வையுங்கள், ஓய்வில் துப்பும் ஃப்ளாஷை ஆன் செய்யுங்கள். வரி நன்றாகத் தொடங்கி முடிவை நோக்கி வெளுத்தால்தான் வரத்து. தொடக்கமா முடிவா என்று பார்க்காமல் யாரும் பர்ஜ் பட்டனைத் தொடக் கூடாது என்று என்னிடம் வேலை கற்ற தம்பிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

“ஒரு தடவை இங்க விடுது, இன்னொரு தடவை அங்க விடுது”

அடுத்தடுத்து மூன்று டெஸ்ட் பிரிண்ட் எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். விடுபட்ட கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அடைப்பு, அல்லது மின்சாரக் கோளாறு. இடம் மாறி மாறி விடுபட்டால் காற்று. அடைப்பு நகராது, குமிழி நகரும்.

காற்று எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, வேக்யூம் அதிகமாகித் துளை வழியாகவே உறிஞ்சுவது. மேலே சொன்ன உயரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எண்ணை 0.2 வீதம் குறைத்து, ஒவ்வொரு தடவையும் பர்ஜ் செய்து, ஐந்து நிமிடம் நிற்கவிட்டுத் தகட்டைப் பாருங்கள். ஈரம் கட்டாமல் நிற்கும் குறைந்த வேக்யூம் எதுவோ அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

இரண்டாவது வழி இணைப்புகள். “எங்கயும் லீக் இல்லண்ணே, ஒரு சொட்டு கூட கீழ விழல” என்பார்கள். விழாது. பம்ப்புக்கு அப்புறம், சப் டேங்க் வரைதான் இங்க்கைத் தள்ளுகிறோம். அங்கே ஓட்டை இருந்தால் இங்க் வெளியே வரும். பம்ப்புக்கு முன்னால் உறிஞ்சுகிறோம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும். சப் டேங்க்கிலிருந்து ஹெட் வரைக்கும் லைன் முழுக்க நெகட்டிவ்வில்தான் நிற்கிறது. அங்கே தளர்ந்த நட்டு சொட்டாது, சத்தமில்லாமல் காற்றைக் குடிக்கும். ஆகவே அந்த இணைப்புகளைத் தளர்வுக்காகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்துக்காகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். பர்ஜ் போட்டுப் பிடித்திருக்கும்போது மட்டும் அந்த லைன் பாசிட்டிவ் ஆகும். அப்போது ஒரு வெள்ளைத் துணியை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிப் பாருங்கள். கலர் பட்டால் அதுவே காற்று நுழையும் வாசல்.

டியூப் எந்த ரகம் என்பதையும் பாருங்கள். அவசரத்துக்கு மீன் தொட்டிக் கடையில் வாங்கிய டியூபைப் போட்டிருந்தால், சொல்வென்ட் அதிலிருக்கும் மென்மைப் பொருளைக் கரைத்து எடுத்துவிடும். சில வாரத்தில் இணைப்புக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி விறைத்து வெடிக்கும். சிலிக்கான் டியூப் எதிர்மாறாக உப்பித் தளரும்.

மெஷினின் ஓரத்தில், கேரேஜ் திரும்பும் இடத்தில் மட்டும் விடுபடுகிறதா? நிறுத்தித் திருப்பும் வேகத்தில் டியூபுக்குள் இருக்கும் இங்க் முன்னும் பின்னும் அடிக்கிறது. பஸ் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர் முன்னால் சாய்வது மாதிரி. தொங்கும் டியூபைக் கட்டி ஆடாமல் செய்தாலே பாதி சரியாகும். மீதிக்கு வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

“யெல்லோ பச்சையா வருது”

தகடு ஈரமாக இருந்து, பக்கத்துக் கலரின் இங்க்கும் அதில் பரவி நின்றால், நெகட்டிவ் பிரஷர் அதைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரே ஹெட்டில் இரண்டு கலர் ஓடும் மெஷின்களில் இது சகஜம். பர்ஜ் போட்டு, சொட்டு உள்வாங்கியதும் தகட்டைத் துடைத்து, ஒரு பேனர் ஓட்டினால் அந்தக் கலப்பு வெளியேறிவிடும். தினமும் காலையில் முதல் ஒரு அடி பச்சையாக வந்து பிறகு மஞ்சளானால் இரவு முழுக்க ஹெட்டை மூடியிருக்கும் பேடைச் சுத்தம் செய்யுங்கள்.

எவ்வளவு ஓட்டினாலும் பச்சை போகவில்லை என்றால் யெல்லோ சப் டேங்க்குக்குள்ளேயே சயான் வந்திருக்கிறது. எப்படி? நான்கு சப் டேங்க்கும் மேலே ஒரே வேக்யூம் லைனில் சேர்கின்றன. சயான் ஃப்ளோட் ஒட்டி, பம்ப் நிற்காமல் ஏற்றி, இங்க் மேலே உள்ள வேக்யூம் டியூப் வரை போய், அங்கிருந்து பக்கத்து டேங்க்கில் இறங்கியிருக்கும். வேக்யூம் டியூபில் கலர் தெரிந்தால் அதுதான் சாட்சி. டியூபைக் கழுவிக் காயவைத்து, யெல்லோ டேங்க்கைக் காலி செய்து, அப்புறம் ஃப்ளோட்டைப் பாருங்கள். ஃப்ளோட்டை விட்டுவிட்டு டேங்க்கை மட்டும் கழுவினால் அடுத்த வாரம் மறுபடி போன் வரும்.

ஃப்ளோட் பற்றி ஒரு பத்தி. அது தண்டில் ஏறி இறங்கும் ஒரு மிதவை. உள்ளே காந்தம், தண்டுக்குள் அந்தக் காந்தம் இயக்கும் சின்ன ரீட் சுவிட்ச். காய்ந்த இங்க் தண்டில் படிந்தால் மேலே ஒட்டிக்கொள்ளும், அப்போது பம்ப் ஓடாது, டேங்க் காலியாகும். கீழே ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது, டேங்க் வழியும். டேங்க்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டியதும் பம்ப் ஓடினால் அல்லது நின்றால் கோளாறு பிடிபட்டது. தட்டுவதையே வைத்தியமாக்கி மாதக் கணக்கில் ஓட்டும் கடைகளும் உண்டு. ஒரு கடையில் அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“கரண்ட் போய் வந்தது, கீழ முழுக்க இங்க்”

வேக்யூம் பம்ப் நின்றால் பிடிமானம் போய்விடும். சப் டேங்க்கில் உள்ள இங்க் தன் எடையில் ஹெட் வழியாக இறங்கும். நல்ல மெஷினில் மின்சாரம் போனதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு, உள்ளே இருக்கும் வேக்யூமைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும். அந்த வால்வு கசிந்தால் அந்தக் கொஞ்ச நேரமும் கிடையாது. சோதிக்க: கேஜைப் பார்த்துக்கொண்டே வேக்யூம் பம்ப்பின் சுவிட்சை மட்டும் அணையுங்கள். எண் மெதுவாக இறங்கினால் பரவாயில்லை; கண் இமைப்பதற்குள் பூஜ்யத்துக்கு வந்தால் வால்வையோ லைனையோ பார்க்க வேண்டும்.

வேக்யூம் பம்ப்புக்கு மட்டுமாவது யுபிஎஸ் கொடுங்கள். முழு மெஷினையும் தாங்கும் யுபிஎஸ் விலை அதிகம். அந்தச் சின்னப் பம்ப்புக்குச் சிறிய யுபிஎஸ்ஸே போதும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு வேக்யூமை நேரடி லைனில் விட்டிருக்கும் கடைகளைப் பார்த்தால் வயிறு எரியும். பைலை மறுபடி அனுப்பலாம், கொட்டிய இங்க்கை அள்ள முடியாது.

இரவில் வேக்யூம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிரு நாள் கடை அடைப்பதானால் சப் டேங்க்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள டியூபில் கிளிப் போட்டு இறுக்குங்கள். காலையில் வந்ததும் கிளிப்பை எடுத்துவிட்டுத்தான் பர்ஜ். மறந்துபோய் மூடிய கிளிப்போடு பர்ஜ் போட்டு, “நாலு ஹெட்டும் அடைச்சிருச்சுண்ணே” என்று அலறியவர்களும் இருக்கிறார்கள்.

“காலைல நல்லா ஓடுது, மத்தியானம் சொட்டுது”

இங்க் சூடானால் இளகும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் மெஷினில், காலை ஏழு மணிக்கு இருந்த இங்க் மத்தியானம் அதே இங்க் அல்ல. இளகிய இங்க் தகட்டில் எளிதாகப் பரவும், சொட்டு பெரிதாகும், நிறம் கூடும். உடனே வேக்யூமைத் திருகாதீர்கள். மத்தியானம் ஏற்றிய வேக்யூம், மறுநாள் காலையில் கெட்டியான இங்க்கோடு சேர்ந்து காற்றை இழுக்கும். முதலில் ஹெட் ஹீட்டரின் அளவைப் பாருங்கள். அறைச் சூட்டைவிடச் சற்று மேலே ஹீட்டரை வைத்தால்தான் அது நாள் முழுக்க ஒரே சூட்டில் பிடித்து வைக்கும். அறையே ஹீட்டர் அளவைத் தாண்டிவிட்டால் ஹீட்டருக்கு வேலையில்லை. குளிரூட்டத் தெரியாது அதற்கு. அப்போது வழி ஏசி, அல்லது கூரைக்குக் கீழே ஒரு தடுப்பு.

டேம்பர் வைத்த மெஷின், வீட்டு பிரிண்டர்

டேம்பர் வைத்த ஈகோ சொல்வென்ட் மெஷின்களில் இங்க்கை இழுத்துப் பிடிக்கும் இந்த வேக்யூம் பம்ப் இருக்காது. ஹெட்டுக்கு மேலே உட்காரும் டேம்பர்தான் அந்த வேலையைச் செய்கிறது: மெல்லிய சவ்வு, சின்ன ஸ்பிரிங், ஒரு வலை. முழு நிறத்தில் மங்கினால் டேம்பரைக் கழற்றி, வெளிவாயில் ஊசியில்லாத சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுங்கள். இங்க் தடையில்லாமல் வந்தால் டேம்பர் நல்லது. சிரிஞ்சின் தண்டு திரும்பி உள்ளே ஓடினால் வலை அடைத்திருக்கிறது. குமிழியாக வந்தால் மூட்டில் காற்று. டேம்பர் விலையை ஹெட் விலையோடு ஒப்பிடும்போது அதைக் கழுவிக் கழுவிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றிவிடுங்கள்.

வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும் இங்க் டேங்க் பிரிண்டரில் எல்லாமே உயரக் கணக்குதான். டேங்க்கில் இங்க் மட்டம் ஹெட்டுக்குக் கீழே இருப்பதால்தான் நெகட்டிவ் கிடைக்கிறது. வெளியே தனியாக டேங்க் வைத்து மாற்றியமைத்த பிரிண்டரில், இடம் இல்லையென்று டேங்க்கைத் தூக்கி பிரிண்டர் மேல் வைத்தால் இரவோடு இரவாக மேஜையில் இங்க் ஓடும். மேஜைக்கு வெகு கீழே, தரையில் வைத்தாலும் தப்பு. இங்க் பின்வாங்கி டியூபில் காற்று நிற்கும். பிரிண்டர் நிற்கும் அதே மேஜையில் வையுங்கள். சில பழைய மாடல்களில் டேங்க் பக்கத்தில் போக்குவரத்துக்கான பூட்டு ஒன்று இருக்கும். வீடு மாற்றும்போது மூடி, பிறகு திறக்க மறந்தால் எவ்வளவு கிளீனிங் போட்டாலும் வெள்ளைத் தாள்தான் வரும். டியூபில் குமிழி தெரிந்தால் கிளீனிங்கை அடுத்தடுத்துப் போடாமல் இரண்டு தடவை போட்டுவிட்டு ஓர் இரவு விடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் கழிவு இங்க் பேட் நிரம்பி வேறொரு செலவு வரும்.

தண்ணீர் பாட்டிலில் தேதி அடிக்கும் மெஷினைப் பார்க்கும் நண்பர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அது இங்க்கை நல்ல அழுத்தத்தில் தாரையாகப் பீய்ச்சி, வேண்டாத சொட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் ரகம். அங்கே அழுத்தம் பாசிட்டிவ். கோளாறுகளின் கணக்கும் தலைகீழ்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்

வரத்து நன்றாக வருகிறது, அழுத்தம் நிற்கிறது, காற்று இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் கோடு விடுகிறது. மெஷினை முழுசாக அணைத்துவிட்டு, சந்தேகப்படும் ஹெட்டின் டேட்டா கேபிளையும் அதே வகையைச் சேர்ந்த பக்கத்து ஹெட்டின் கேபிளையும் போர்டு பக்கத்தில் இடம் மாற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது கேபிளைத் தொட்டால் ஹெட்டும் போகும், போர்டும் போகும். ஹெட் மேல் ஒட்டியிருக்கும் வோல்டேஜ் எண் இரண்டுக்கும் வேறாக இருந்தால் சோதனை நேரத்துக்கு இரண்டில் குறைந்ததை வையுங்கள். டெஸ்ட் பிரிண்ட் எடுத்தால் கலர் இடம் மாறித்தான் வரும், பதறாதீர்கள். விடுபடும் கோடு அதே ஹெட்டிலேயே நின்றால் ஹெட் அல்லது அதன் கேபிள். பக்கத்து ஹெட்டுக்குப் போனால் போர்டு.

மெஷினின் பக்கவாட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி நான் எழுதி வைப்பது இவ்வளவுதான்: இங்க் மட்டத்திலிருந்து தகடு வரை உயரம், நல்லபடி ஓடிய நாளில் கேஜ் எண், ஹீட்டர் சூடு, ஒவ்வொரு கலர் பம்ப்பும் ஒரு நிமிடத்தில் தந்த மில்லிலிட்டர், ஃபில்டர் மாற்றிய தேதி. போனில் கூப்பிடும் தம்பி அந்த ஐந்தையும் படித்துச் சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.